காகிதமே நம் காணி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் இழப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். நாம் குடும்பத்தோடு கூடும் நாள் இதுவே. ஆதலின் சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுகிறேன்.

2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரை கடந்து குர்லாவின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று மக்கள் மேட்டை நாடி ஓடினர். வெள்ளம் வடிந்த பின்னரே, பானை சட்டிகளோடு தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களும் பாழாயின என்பது தெரிந்தது. பானையைக் கடையில் வாங்கலாம். ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றையும் பழைய மின்கட்டணச் சீட்டையும் எந்தக் கடையில் வாங்குவது?

ஊரில் நிலம் உடையவனுக்கு அந்த நிலமே சான்று. பிழைக்க வந்த நமக்கோ காகிதமே காணி. குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில் விலையின்றி வீடு பெற, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பே குடிசை இருந்ததென்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவது எது? மங்கிப்போன ஒரு சீட்டு. வாக்காளர் பட்டியலில் ஒரு வரி. அது தொலைந்தால் வீடே கைநழுவும்.

பொருள் தொலைந்ததும் நம்மவர் பலர் செய்யும் முதற்பிழை, அதை மறைப்பது. கணவர் ஏசுவாரோ, அப்பா அடிப்பாரோ என்ற அச்சம்! அந்த அச்சம் திருடனுக்கே துணை செய்கிறது. வீட்டுப் பெரியவர்களே, தொலைத்துவிட்டு வந்த பிள்ளையை முதலில் ஏசாதீர்கள், “எங்கே, எப்போது?” என்று கேளுங்கள்.

வங்கி அட்டை தொலைந்தால் அந்த நொடியே வங்கிக்குச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 சூலையில் வகுத்த விதியின்படி, நம் கவனக்குறைவால் கணக்கிலிருந்து பணம் பறிபோனால், நாம் அறிவிக்கும் வரை போனது நம் தலையில். அறிவித்த பின் போவது வங்கியின் பொறுப்பு. ஒரு மணி நேரத் தயக்கத்துக்கும் விலை உண்டு.

கைப்பேசி போனால், முதலில் அந்த எண்ணை முடக்கச் சொல்லுங்கள். பின்னர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அதன் நகலோடு அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் கருவியையே முடக்கலாம். அதற்குக் கருவியின் 15 இலக்க எண் வேண்டும். அது வாங்கிய பெட்டியின் மேல் இருக்கும். இன்றே குறித்து வையுங்கள்.

திருட்டாயின் ‘திருட்டு’ என்றே எழுதச் சொல்லுங்கள். ‘காணவில்லை’ என்று எழுத இசையாதீர்கள். ஊரிலிருந்து வரும் இரயிலில் பெட்டி போனதா? இரயில்வே உதவி எண் 139. எந்த எல்லையில் போனாலும், இறங்கிய இடத்திலேயே முறையிடலாம். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள சட்டம் அதற்கு இடம் தருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை விலையின்றிப் பெறுவது முறையிட்டவரின் உரிமை. அந்த நகல் இன்றி மாற்றுச் சான்று கேட்டால், அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

போனபின் தேடுவதினும் போகுமுன் காப்பது எளிது. இந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் காகிதங்களை எடுத்துப் பார்த்து, மூன்று படிகள் எடுங்கள். மூலத்தை நீர் புகா உறையிலிட்டுப் பரண்மேல் வையுங்கள். ஒரு படி இங்குள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒன்றை ஊரிலுள்ள அண்ணனிடமோ அக்காளிடமோ கொடுத்து வையுங்கள். மூன்றாவது படி, அரசின் ‘டிஜிலாக்கர்’ மின்பெட்டகத்தில் இருக்கட்டும். முதியோருக்கு இது கைவராதெனில், படித்த நம் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்காக ஒதுக்கட்டும்.

இரண்டு ஊர் நமக்கு. அது பிரிவின் துயரம் என்றே இதுவரை எண்ணினோம். மித்தியின் வெள்ளம் தாமிரபரணிக் கரை வீட்டுப் பெட்டியை எட்டாது. இரண்டு ஊர் உடைமை இதற்கேனும் பயன்படட்டும்.