எண்பதில் நிறுத்துவது



தலைமை உரையைச் சுருக்கமாக முடிக்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் என் காதில் போட்டுவிட்டார்கள். ஆகவே பேட்டரியை ஏற்றுவதில் நமக்குள்ள ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்வெர்ட்டர் பேட்டரியை எப்போதும் நிரப்பியே வை, காலியாக விட்டால் தகட்டில் சல்ஃபேட் படியும் என்று கற்றோம். நிக்கல்-காட்மியம் கலத்தை முழுக்க இறக்கிவிட்டு ஏற்று என்றார்கள். அந்தந்தக் கலத்துக்கு அது சரி. 1991-இல் சோனி லித்தியம்-அயனி கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலம் மாறிய பிறகும் நம் கை பழைய பாடத்தை விடவில்லை.

லித்தியம் கலத்தை முதன்முறை ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் மின்பகுளி சிதைந்துகொண்டே போகும். ஆனால் படலம் தடிக்கத் தடிக்க, ஓடியாட வேண்டிய லித்தியத்தைத் தின்கிறது. ஒரு சுழற்சிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போகிறது என்று கொள்வோம். கேட்க அற்பம்தான். 1000 சுழற்சி முடிந்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 37 விழுக்காடு. இழப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால் 90 மிஞ்சும். கனடாவில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் டான் குழு இந்தக் கடைசி இலக்கங்களை அளக்கவென்றே துல்லியமான கருவிகளை உருவாக்கியது. அந்த வேலையின் அருமை பட்டவர்களுக்குத் தெரியும்.

படலத்தை வளர்ப்பவை நிறைவும் சூடும். கோபால்ட் சார்ந்த கலத்தை 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.1-இல் நிறுத்தினால் ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். பல கலங்களில் சுழற்சிகளோ இரட்டிப்பை நெருங்கும். இரவு பத்துக்குச் செருகிய கைபேசி நள்ளிரவில் நிரம்பி, விடியும்வரை நிறைந்தபடியே கிடக்கிறது. 2019-இல் ஆப்பிள் தன் கைபேசிகளை எண்பது விழுக்காட்டில் காத்திருந்து, நாம் எழும் நேரத்துக்குச் சற்று முன் மீதியை ஏற்றிக்கொள்ளச் செய்தது. வேதியியலில் கைவைக்காமல் கடிகாரத்தைக் கொண்டே சாதித்ததை நான் மிகவும் ரசித்தேன்.

அதற்காக எண்பதை வேதவாக்காக்கிவிட வேண்டாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்தின் மின்னழுத்தம் பெரும்பகுதி சமதரையாக ஓடுவதால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மேலாண்மைச் சுற்றே தடுமாறும். அதனால் வாரம் ஒருமுறை முழுக்க ஏற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு.

எனக்கு ஒரு மனக்குறை. இங்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலான சோதனைகள் 25 பாகை செல்சியஸில் நடந்திருக்கின்றன. மே மாதத்தில் வேலூர் வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் எந்த மணிக்கு 25 பாகை இருக்கும்? வண்டி வந்து நின்றதும் செருகாமல், கலம் ஆறட்டும் என்று எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் நல்ல அளவீடு வேண்டும்.

இன்றைய முதல் கட்டுரை 45 பாகையில் செய்த சோதனை. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.