கார்நாக்கில் நிற்கும் கற்கள்



பிரெஞ்சு நாட்டின் மேற்கே, பிரித்தானிப் பகுதியில், கார்நாக் என்றொரு கடற்கரை ஊர் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நாம் அங்குச் சென்றபோது, மணற்கரை முழுவதும் வண்ணக் குடைகளும் குழந்தைகளின் ஆரவாரமுமாக இருந்தது. அதை விட்டு அரைமணி நேரத்திற்குச் சற்றுமேல் வடக்கே நடந்தோம். ஆரவாரம் அடங்கியது, கற்கள் தோன்றின.

மெனெக் என்னுமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள், 11 வரிசைகளாக, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நிற்கின்றன. மேற்குக் கோடியில் ஆளுயரத்தை விஞ்சியவை. கிழக்கே செல்லச் செல்ல இடுப்பளவாகக் குறைகின்றன. அப்பால் கெர்மாரியோ, கெர்லெஸ்கான் என்னும் தொகுதிகள். அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 கற்கள். அருகிலுள்ள ஓரிடத்தின் வரிசைகள் கி.மு. 4600-க்கும் 4300-க்கும் இடைப்பட்டவை என 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எகிப்தின் பெரும் பிரமிடைக் காட்டிலும் அவை மிக மூத்தவை. இரும்பையே அறியாத மக்கள் அவற்றை நிறுத்தினர்.

துரத்தி வந்த ரோமானியப் படையைக் கொர்னேலி என்னும் புனிதர் கல்லாக்கிவிட்டார் என்பது அவ்வூர்க் கதை. அவரே அங்குக் கால்நடைகளின் காவலர். நம் நாட்டுச் சிற்றூர்களிலும் பழைய கல்லறைகளைப் 'பாண்டவர் குழி' என்பார்கள் அல்லவா? காலத்தால் அவை மிகப் பிற்பட்டவை. எனினும் வியப்பு ஒன்றே.

கற்களைச் சுற்றி வேலி இருந்தது. வழிகாட்டியின்றி உள்ளே செல்லலாகாது என்றதும் நமக்குச் சிறிது வருத்தமே. வருவோரின் காலடியால் புல் அழிந்து, மண் அரித்து, கற்களின் அடி வெளிப்பட்டதால் 1991-இல் வேலியிட்டனர் என்று அறிந்தபின் வருத்தம் நாணமாயிற்று. நம் காலும் அத்தகைய கால்தானே!

வேலிக்கு வெளியே நடந்தது வேறு. 2023-இல் அவ்வூரில் கடையொன்று கட்டுவதற்காக நிலத்தைத் திருத்தியபோது 39 சிறு கற்கள் அழிந்தன எனச் செய்தி வந்தது. அவை தொன்மையானவைதாமா என்று பெரும் வாதம் எழுந்தது. ஆனால் கேட்டறியக் கற்கள் அங்கே இல்லை. 2025 ஜூலையில் கார்நாக் உலக மரபுச் சின்னமாயிற்று. பெருங்கற்களைக் காக்க உலகமே வந்தது. சிறுகற்களைக் காக்க அண்டை வீட்டார்தாம் வேண்டும்.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறோம். அப்போது ஊர்ப்புறத்துக் கற்களைச் சென்று காண்போம். அவற்றின் பெயரையும் கதையையும் முதியோரிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பெயர் மறந்த கல்லைப் பெயர்த்தெடுப்பது எவர்க்கும் எளிது.