சிறுநீர்த் தொற்றைச் சிறிதென்று விடாதீர்கள்
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், நிறை, அரைப்பேர் என்று எத்தனையோ விடயங்களை நாம் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். வெட்கத்தால் பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அதுதான் சிறுநீர்த் தொற்று.

காலையில் மலைக்கு ஏறினால் கொழுந்து நிறுக்கும் வரை பல இடங்களில் ஒதுங்க வசதியில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம், வந்ததையும் அடக்குகிறோம். சிறுநீர் தேங்கினால் கிருமி பெருக இடமுண்டு. பெரும்பாலும் அது நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பக்டீரியா. பெண்களின் சிறுநீர்க்குழாய் குட்டையானது என்பதால் அது இலகுவாக மேலேறுகிறது.

உடல் வலு உள்ளவருக்கு இது பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும். சீனி வியாதிக்காரர், நீண்டகாலம் ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர், சிறுநீரகம் மாற்றியவர் ஆகியோரின் உடலில் எதிர்ப்புச் சக்தி குறைவு. சீனி கூடினால் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யா. நரம்பு தளர்ந்தால் சிறுநீர் முழுதாக வெளியேறாது. தொற்று சிறுநீரகத்துக்கும், அங்கிருந்து இரத்தத்துக்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து.

இவர்களுக்கு எரிச்சல் தெரியாமலே நோய் முற்றலாம். நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவின் பின்பக்கம் வலி, வாந்தி, முதியவர் திடீரென நிதானமின்றிப் பேசுவது, இவற்றில் ஒன்று கண்டாலும் பெனடோல் போட்டுப் படுக்காமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே வைத்தியம் இலவசம். கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிருமி கொல்லி மருந்து தொடங்குமுன் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று தெரியும். கொடுத்த குளிசையை முழுவதும் முடியுங்கள். பக்கத்து லயத்தில் மிஞ்சியதை வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தண்ணீரைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லாதவர்கள் தாராளமாகக் குடிக்க வேண்டும். ஆனால் ஒதுங்க இடமில்லாதவரிடம் தண்ணீர் குடி என்றால் எப்படிக் குடிப்பார்? ஆகவே நிர்வாகங்களிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்: கொழுந்து மலைகளுக்கு அருகில் தண்ணீர் வசதியுடன் மலசலகூடம், கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டாமை, இரவில் நோயாளியைக் கொண்டுபோக வாகனம்.

எந்தெந்த மலையில் மலசலகூடம் இல்லையென்று ஒவ்வொரு தோட்டத் தலைவியும் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் பேச்சுவார்த்தைக்குப் போவோம்.