விடியற்காலை முதுகு

யோகா செய்ய ஏற்ற நேரம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், விடியற்காலை. வயிறு காலியாக இருக்கும், வீடு அமைதியாக இருக்கும், மனமும் அலைபாயத் தொடங்கியிருக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் நம் உடம்பு மிகவும் விறைத்துக் கிடப்பதும் அதே நேரத்தில்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆசனத்துக்கு முன் செய்யும் தளர்வுப் பயிற்சிக்கு நாம் கொடுக்கும் இடம் போதாது என்பது விளங்கும். கையை இரண்டு சுற்று, காலை இரண்டு உதறு, அவ்வளவோடு ஆசனத்துக்குப் போய்விடுகிறோம். பயிற்சியின் முதல் பகுதியே தளர்வுதான் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் முதுகெலும்பில் இருக்கிறது. அதன் கட்டைகளுக்கு இடையே, பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோமே, அந்த டிஸ்க்குகள் இருக்கின்றன. பகலெல்லாம் உடம்பின் பாரம் அழுத்த, அவற்றிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. இரவு படுத்ததும் பாரம் நீங்குகிறது. விட்ட நீரை மெல்ல உறிஞ்சி அவை உப்பிக்கொள்கின்றன. காலை எழுந்ததும் சுவரோரம் நின்று உயரத்தைக் குறித்து வைத்து, இரவு படுக்கும் முன் மறுபடி அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைந்திருக்கும். உப்பிய ஜவ்வு இறுகி நிற்கும். அந்த நேரத்தில் முன்னால் குனிந்தால், மாலையில் குனிவதைவிட அதன் மீதும் சுற்றியுள்ள தசைநார்கள் மீதும் அதிக அழுத்தம் விழுகிறது. எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உப்பலில் கணிசமான பகுதி வடிந்துவிடும். மூட்டுகளின் நிலையும் இதற்குச் சற்றும் குறைந்ததில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம்தான் அதற்கு ஊட்டம். மூட்டு மடங்கி நீளும்போதுதான் அந்தத் திரவம் நன்றாகப் பரவும். ஆறேழு மணி நேரம் ஓய்ந்து கிடந்த முழங்காலை எடுத்த எடுப்பில் பத்மாசனத்துக்கு மடக்குவது அதற்குச் செய்யும் கொடுமை.

சூரிய நமஸ்காரத்தையே தளர்வுப் பயிற்சியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இளம் உடம்புக்கு அது ஒத்துப்போகலாம். ஆனால் அதன் 12 நிலைகளில் மூன்றாவதே, முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கும் பாதஹஸ்தாசனம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தேகாலுக்கு அதைச் செய்தால், உப்பிய ஜவ்வின் மீதே பாரத்தை ஏற்றுகிறார். அவருக்கு அதற்கு முன்னால் வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று மிக எளிது. கழிவறைக்குப் போய்வந்து, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். பிறகு ஜமுக்காளமோ பாயோ விரித்து, கால் நீட்டி உட்கார்ந்து, கைகளை இடுப்புக்குப் பின்னால் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது கால்விரல்களை உங்கள் பக்கம் மடக்குங்கள். விடும்போது முன்பக்கம் நீட்டுங்கள். அடுத்து கணுக்காலை அதே போல். கெண்டைக்காலில் மெல்லிய இழுவை தெரியும். சுளீரென்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். பிறகு ஒரு தொடையின் அடியில் இரு கைகளையும் கோத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி நீட்டுங்கள். விரல் நுனிகளைத் தோளில் வைத்து முழங்கைகளால் வட்டம் போடுங்கள். கழுத்தை மட்டும் முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது தலைசுற்றலைக் கொண்டுவரலாம். பக்கவாட்டில் சாய்ப்பதும் திருப்புவதும் போதும். கடைசியாக, பூனை போல நாலு காலில் நின்று முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்கும் மார்ஜாரி ஆசனம். இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும். அதன் பிறகும் முதல் இரண்டு மூன்று முறை முழங்காலைச் சற்று மடக்கியபடியே குனியுங்கள். மூச்சை எங்கும் அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நம் பெரியவர்கள் இதையெல்லாம் செய்தார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்து, சம்மணமிட்டு உண்டு, குந்தி உட்கார்ந்து வேலை செய்த உடம்பு அவர்களுடையது. அதன் மூட்டுகள் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருந்தன. நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கும் நமக்கு அந்த வரவு இல்லை. தளர்வுப் பயிற்சி உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்த புதுப் பழக்கம் என்பதும் சரியல்ல. முங்கேரில் உள்ள பீகார் யோகா பள்ளி தொடக்கநிலையினருக்குக் கற்றுத்தரும் பவனமுக்தாசன வரிசை கால்விரலிலிருந்துதான் தொடங்குகிறது. சென்னையில் பல்லாண்டு வாழ்ந்து கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில், ஓர் ஆசனத்துக்குப் படிப்படியாக ஏறுவதற்கும் அதிலிருந்து இறங்குவதற்கும் முறை உண்டு. ஜூன் 21 சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது நெறிமுறையும், பிரார்த்தனை முடிந்ததும் கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைத் தளர்த்தச் சொல்லிவிட்டே ஆசனங்களுக்கு வருகிறது.

உடம்பை இழுத்து நீட்டுவதால் காயம் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்ற மறுப்பு இன்னும் கனமானது. அவை பேசுவது, ஒரே நிலையில் இழுத்துப் பிடித்து அசையாமல் நிற்பதைப் பற்றி. நான் சொல்வது மூச்சோடு இணைந்த அசைவு. அசைவில்தான் தசை சூடேறி இளகுகிறது. இழுத்துப் பிடிப்பதில் அந்தச் சூடு ஏறுவதில்லை.

நேரம் இல்லை என்ற குறைக்கு என்னிடம் ஒரே பதில்தான். இருபது நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், அன்றைக்கு ஆசனங்களைக் குறையுங்கள். கால் மணி நேரம் தளர்வுப் பயிற்சி, ஐந்து நிமிடம் சவாசனம். அதுவே முழுப் பயிற்சி. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை கீழாக வரும் நிலைகளைத் தவிர்த்துவிடுங்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் ஒதுங்கிப் போக வேண்டாம். சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரு பாதங்களும் தரையில் படும்படி உட்கார்ந்து, கால்விரலிலிருந்து ஆரம்பியுங்கள்.