சமயங்கள் நடந்து வந்த வழி



சமயங்கள் ஊர்விட்டு ஊர் பரவுவது எவ்வாறு, எதனால் என்று பேசுமாறு வெள்ளி விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தென்காசி என்னும் பெயரே ஒரு விடை. கங்கைக் கரைக் காசியை 15ஆம் நூற்றாண்டில் சிற்றாற்றங்கரைக்குக் கொணர்ந்தவன் பராக்கிரம பாண்டியன். குற்றாலத்திலோ, திருமாலின் திருவுருவை அகத்தியர் சிவலிங்கமாகக் குழைத்தார் என்கிறது தலபுராணம். அரசன் ஆணையும் முனிவர் ஆற்றலும் சமயத்தை ஊன்றிய கதைகள் இவை. அக்கோபுரத்தை நம் முன்னோர் வெளியே நின்றே கண்டனர்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த செருமானியப் பாதிரியார் இரேனியசு கொணர்ந்த சமயம் பள்ளிக்கூடத்தோடு வந்தது. அது உறவின் வழியே நடந்தது. ஒரு வீட்டார் சேர்ந்தால், பெண் கொடுத்த ஊருக்கும் செய்தி சென்றது.

இனி, கதவு திறந்த வரலாற்றைக் கேளுங்கள். இந்துவாகச் சாகமாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் 1935இல் இயோலாவில் அறிவித்தார். திருவிதாங்கூரில் ஈழவரும் மதம் மாறுவது பற்றிப் பேசலாயினர். 1936 நவம்பர் 12இல் அவ்வரசு தன் கோயில்களை நமக்கும் திறந்துவிட்டது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. சில கல் இப்பால் சென்னை மாகாணத்தில் இருந்த தென்காசியாருக்கோ, சட்டங்கள் 1939இலும் 1947இலுமே வந்தன. பக்தி இரு ஊரிலும் ஒன்றுதான். ஆட்கள் வெளியேறுவர் என்ற அச்சம் ஓரிடத்தில் முந்திக்கொண்டது, அவ்வளவே.

மீனாட்சிபுரம் நம் அண்டையூர். 1981 பிப்ரவரி 19இல் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பத்தினர் இசுலாத்தைத் தழுவினர். நாம் அப்போது பள்ளிச் சிறுவர். தில்லித் தலைவர்கள் வந்திறங்கியதைப் பெரியவர்கள் வியந்து பேசினர். அதற்கு முன் சேரிக்கு எவர் வந்தார்? படித்த இளைஞர்களே அம்மாற்றத்தில் முன்னின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தறிந்தவனுக்கே தனிக் குவளை மிகுதியாகச் சுடும். நமக்கும் ஒரு தேநீர்க் கடையில் அது சுட்டதுண்டு. காசுக்கு மாறினர் என்று ஏசியோர், காசு பெற்ற கணக்கைத்தான் கேட்டனர். பட்ட அவமானத்தைக் கேட்டாரில்லை.

எனினும் அந்த அலை மாவட்டம் முழுதும் பரவவில்லை. ஏன்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து அல்லாதார் அட்டவணைச் சாதியினர் ஆகார். பின்னர் சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் விலக்கு வந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றளவும் இல்லை. படிப்புதவியையும் வேலையையும் எண்ணிப் பலர் நின்றனர், சிலர் திரும்பினர். அவர்களைக் கோழையர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மீனாட்சிபுரத்தில் ஒரே குடும்பத்தில் இரு சமயத்தாரும் உளர். ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் செல்கின்றனர். அண்ணன் மகனிடம் சாதிச் சான்று இருக்கிறது. தம்பி மகனிடம் இல்லை.