இணையத்தில் விழிப்பாயிருத்தல்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரவில் வாயிற் கதவைப் பூட்டாமல் உறங்குவார் எம்முள் எவருமிலர். ஆயினும், முன்பின் அறியாதார் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் இணைப்பை நாம் யோசியாது தொட்டுத் திறந்து விடுகிறோம். அதனால் விளையும் கேட்டினை, எமது நாட்டையும் தொட்டுச் சென்ற ஒரு சம்பவங்கொண்டு விளக்குவோம்.

2015ஆம் ஆண்டிலே பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஊழியர் சிலருக்கு, வேலை தேடும் ஒருவர் எழுதியவை போன்ற பணிவான மின்னஞ்சல்கள் வந்தன. தமது சுயவிபரத்தைத் திறந்து பார்க்கும்படி அவை வேண்டின. கள்வரின் தீய நிரல் அவ்வாறே வங்கிக் கணினிகளுட் புகுந்ததென 2018இல் அமெரிக்க நீதித் திணைக்களம் கூறிற்று. 2016 பெப்ரவரியில், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை அனுப்புமாறு 35 பொய்க் கட்டளைகள் சென்றன. பெரும்பாலானவை தடைப்பட்டன. 81 மில்லியன் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. 20 மில்லியன் இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரில் வந்த ‘பவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருக்கக் கண்டு, இடையிலிருந்த வங்கியார் ஐயுற்று விளக்கம் கேட்டனர். அதனால் அப்பணம் மீண்டது.

அன்பர்களே! வாயிலைத் திறந்துவிட்டது அவசரம்; பொருளைக் காத்தது ஒரு கேள்வி. இதுவே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

அண்மை ஆண்டுகளிலே எமது தபால் திணைக்களத்தின் பெயராலும், பொதி வந்திருப்பதாகவும் சிறு கட்டணம் செலுத்துமாறும் பொய்க் குறுஞ்செய்திகள் உலாவின. இத்தகையன வரும்போது அவற்றிலுள்ள இணைப்பைத் தொடாது, அலுவலகத்தையே நேரில் கேட்டறிதல் வேண்டும். வங்கியின் பெயரால் எவரேனும் பேசினால், உரையாடலை நிறுத்தி, வங்கி அட்டையில் அச்சிட்ட இலக்கத்துக்கு நாமே அழைத்தல் நன்று. கடவுச்சொல்லையும், குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தையும் எவர் கேட்பினும் கொடுத்தலாகாது.

கருவிகளையும் காலந்தோறும் புதுப்பித்தல் அவசியம். 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்னும் நிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கிக் கப்பங் கேட்டது. அது புகுந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! முக்கியமான கோப்புகளுக்கு வேறோரிடத்திற் பிரதி வைத்தோர் கப்பங் கொடுக்கவேண்டிய நிலைக்கு ஆளாகார்.

இறுதியாக, இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வூதியத்தில் வாழும் எமது மூத்தோர் ஏமாற நேர்ந்தால், அவர்களை ஏசுதல் தகாது. ஏச்சுக்கு அஞ்சி அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கே இலாபமாகும். உடனே வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்தி, பொலிசாரிடம் முறையிட்டால் பணம் மீளவும் இடமுண்டு. பெரியோர்களே, ஐயம் எழுந்தால் தயங்காது எம்மை அழையுங்கள். ஆறுதலாக உடனிருந்து விளக்குவதை எமது சங்கத் தொண்டாகவே ஏற்போம்.