நிறம் போனால் நீர் சுத்தமா?

(பூந்தமல்லியில் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

காலையில மொட்டை மாடியில ரெண்டு கண்ணாடி பாட்டில் வெச்சேன். ரெண்டுலயும் மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயம் கலந்த தண்ணி. ஒண்ணுல மட்டும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி போட்டு, அப்பப்போ குலுக்கிவிட்டேன். இப்போ பாருங்க, பொடி போட்டதுல நீலம் ஏறக்குறைய போயிடுச்சு. இன்னொண்ணு நீலமாவே இருக்கு.

அந்தப் பொடி டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர் பெயிண்டுக்கு வெண்மை தருவதும் இதுதான். வெயிலில் உள்ள புற ஊதா ஒளி பட்டதும், இதன் மேற்பரப்பில் தண்ணீரும் ஆக்சிஜனும் வினைபுரிந்து வீரியமான ஹைட்ராக்சில் துகள்கள் உருவாகின்றன. அவை சாயம், பூச்சிமருந்து, மாத்திரை எச்சம் போன்ற கரிமப் பொருட்களை உடைக்கின்றன. பொடி செலவாவதில்லை. அதனால்தான் இதை ஒளி வினையூக்கி என்கிறோம். 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இத்துறை வேகம் பிடித்தது.

"அப்போ வீட்டுத் தண்ணியில போட்டுக் குடிக்கலாமா?" வேண்டவே வேண்டாம். நிறம் போனாலும், பாதி உடைந்த ரசாயனம் உள்ளே இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது; ஆய்வகத்தில்தான் தெரியும். வெயிலில் புற ஊதா ஒளி சுமார் 5 சதவீதம்தான். கலங்கல் தண்ணீரில் அதுவும் உள்ளே போகாது. கடைசியில் பொடியையும் வடிகட்டி எடுக்க வேண்டும்.

முக்கியமாக, உப்பையும் உலோகத்தையும் இதனால் அழிக்க முடியாது. நொய்யலைக் கெடுத்தது சாயம் மட்டுமா? சாயப்பட்டறை உப்பும்தான். 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது.

நம்ம பக்கத்துலயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கு. சென்னைக்கே குடிதண்ணி தருது. அழுக்கைக் கலக்கவிட்டு அப்புறம் பிரிக்கிறதைவிட, கலக்காம பாத்துக்கிறது சுலபம். மிச்ச மாத்திரை, பெயிண்ட், தின்னர் எதையும் சிங்க்கில் ஊற்றாதீங்க. கால்வாயில் நிறமோ நுரையோ வந்தால், கைப்பேசியில் படம் எடுத்து, இடம், நேரம் குறிச்சு, முதல்வரின் உதவி மையம் 1100-க்குச் சொல்லுங்க. புகார் எண்ணை மறக்காம வாங்கி வெச்சுக்கோங்க.